கரையிலிருந்து கடலுக்குள் இறங்குகிறவர்களுக்கு: முதலில் பூட்ஸ், பிறகு ஃபின்

காற்று டாங்கை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்கும் ஸ்கூபா பழகியவர்கள் கடைக்குள் நுழைந்ததும் முதலில் கையில் எடுப்பது காலில் மாட்டும் துடுப்பான ஃபின்னைத்தான். நீளமாக, பளிச்சென்ற நிறத்தில் சுவர் நிறையத் தொங்கிக்கொண்டிருக்கும். அடுத்த அலமாரியில் கறுப்பாகக் கிடக்கும் பூட்ஸை, பில் போடும் நேரத்தில் "இதுல ஒரு ஜோடி குடுங்க" என்று கேட்டு வாங்குவார்கள். படகிலிருந்து குதிக்கிறவர்களுக்கு இந்த வரிசை பரவாயில்லை. கரையிலிருந்து நடந்தே கடலுக்குள் இறங்கப்போகிறவர்கள் இதை மாற்றிக்கொள்ள வேண்டும். முதலில் பூட்ஸ். அதற்குப் பொருந்துகிற ஃபின் பிறகு.

ஏன் என்பது எடையைக் கூட்டிப் பார்த்தால் புரியும். எங்கும் வாடகைக்குக் கிடைக்கிற சாதாரண அலுமினிய டாங்க், காற்று நிரம்பியிருக்கும்போது ஏறக்குறைய 17 கிலோ. மிதவை ஜாக்கெட்டும், டாங்க் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டரும் சேர்ந்து ஐந்தாறு கிலோ. மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயம் நாலைந்து கிலோ. மொத்தம் 27 கிலோ பக்கம் வந்துவிடும். வீட்டுக்கு வருகிற 20 லிட்டர் தண்ணீர் கேனோடு ஒரு சின்ன அரிசிப் பையையும் சேர்த்து முதுகில் கட்டிக்கொண்டு, ஈரக் கல்லின்மேல் நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நீருக்குள் போனதும் கனம் தெரியாது. வெளியே வரும்போது மறுபடி அத்தனையும் தோளில் இறங்கும். 45 நிமிடம் மூச்சு இழுத்துக் குறைத்த காற்றின் எடை சுமார் இரண்டு கிலோதான். அதற்குள் கால் உதைத்துச் சோர்ந்திருக்கும், பின்னாலிருந்து அலை தள்ளும். அந்தக் கடைசி இருபது அடியை மனதில் வைத்துத்தான் பூட்ஸ் வாங்க வேண்டும்.

இதை எனக்குக் கற்றுத்தந்த கரை, பாலித் தீவின் வடகிழக்கில் இருக்கும் துலாம்பென். லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பீடோவால் அடிபட்டது. இழுத்து வந்து இந்தக் கரையில் ஒதுக்கினார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே கிடந்து, 1963இல் ஆகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் சரிந்துவிட்டது. 120 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பல். ஐந்து மீட்டர் ஆழத்தில் ஆரம்பித்து முப்பது மீட்டர் வரை சாய்ந்து கிடக்கிறது. கரையிலிருந்து சும்மா நீந்திப் போய்ப் பார்த்துவிடலாம், படகு வேண்டாம். ஆனால் கரையில் மணல் கிடையாது. எலுமிச்சை அளவிலிருந்து தேங்காய் அளவு வரை எரிமலைக் கற்கள், கரியவை, உருண்டையானவை. கால் வைத்தால் கல் நகரும். அலை திரும்பும்போது கற்கள் உருண்டு கடகடவென்று சத்தம் கேட்கும், உருள்கிற கல் கணுக்காலில் வந்து மோதும். உச்சி வெயிலில் கல் சுடும். அந்த ஊர்ப் பெண்கள் டாங்கைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தக் கற்களின்மேல் நேராக நடந்து போவார்கள். அவர்கள் காலுக்கு அந்தக் கரை பழக்கம்.

படகு டைவுக்காக வாங்கியிருந்த, பாதம் முழுவதையும் மூடுகிற ஃபின்னோடு நான் அங்கே போயிருந்தேன். அதற்குள் வெறுங்காலைத்தான் நுழைக்க முடியும். வெறுங்காலோடு கல்லில் நடந்து, இடுப்பளவு நீரில் நின்று ஃபின்னை மாட்டப் பார்த்தேன். அடுத்த அலையில் ஒரு ஃபின் கையை விட்டுப் போயிற்று. வலது கட்டைவிரல் நகம் கல்லில் இடித்துப் பெயர்ந்தது. மூன்று நாள் பயணத்தில் இரண்டு நாளைக் கரையில் உட்கார்ந்தே கழித்தேன். புதிதாக வருகிற யாருக்கும் அப்படி நேரக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

1. எந்தக் கரை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

எல்லாக் கரைக்கும் ஒரே பூட்ஸ் சரிவராது. போகப்போகிற இடத்தைப் பற்றி டைவ் சென்டரில் கேளுங்கள்: இறங்குகிற இடம் மணலா, கல்லா, பவளத் திட்டா? எத்தனை அடி நடக்க வேண்டும்? படி உண்டா? முடிந்தால் முந்தின நாளே நீர் வற்றியிருக்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள். நீர் ஏறியபின் மறைந்துவிடுகிற பள்ளமும் மேடும் அப்போது கண்ணில் படும்.

மணல் கரையில் பிரச்சினை குறைவு. மெல்லிய அடி கொண்ட பூட்ஸ் போதும். ஆனால் மணலுக்குள் திருக்கை புதைந்து படுத்திருக்கலாம். காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் மணலை உரசியபடி தேய்த்து நடந்தால், அதிர்வு பட்டு அது விலகிப் போய்விடும். மேலே மிதித்தால்தான் வாலைச் சுழற்றும்.

துலாம்பென் போன்ற உருண்டைக் கல் கரைக்குக் கெட்டியான அடியும் கணுக்காலுக்கு மேல் ஏறுகிற உயரமும் வேண்டும்.

கரீபியனில் போனேர் தீவு கரை டைவிங்குக்குப் பேர்போன இடம். சாலையோரம் மஞ்சள் வண்ணம் பூசிய கற்களில் டைவ் இடத்தின் பெயரை எழுதி வைத்திருப்பார்கள். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிக்கொள்ளலாம். அங்கே காலுக்கடியில் இருப்பது செத்த பவளத் துண்டுகளும், அரிக்கப்பட்டுக் கத்தி மாதிரி நிற்கிற சுண்ணாம்புப் பாறையும். உருண்டைக் கல்லில் வழுக்கி விழுந்தால் சிராய்ப்பு. இங்கே விழுந்தால் வெட்டு. அடி தடிமனாகவும், விரல் முனையிலும் குதிகாலிலும் ரப்பர் ஏறி மூடியதாகவும் இருக்க வேண்டும்.

எகிப்தில் செங்கடலோரம் இருக்கும் தஹாப் வேறு வகை. கரையை ஒட்டியே பவளத் திட்டு தட்டையாகப் படர்ந்து, அதன் விளிம்பில் சட்டென்று ஆழம் விழும். திட்டின் நடுவே மணல் வழி இருக்கும் இடங்களில்தான் இறங்க வேண்டும். இடுக்குகளில் கடல் முள்ளெலிகள் இருக்கும். ஊசி நீளமான கரிய வகை கண்ணுக்கு நன்றாகத் தெரியும், ஆனால் அலையடிக்கும்போது கால் எங்கே போய் விழும் என்று நம்மால் சொல்ல முடியாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கெட்டியான பூட்ஸ் போட்டிருப்பது உயிருள்ள பவளத்தின்மேல் நடப்பதற்கான அனுமதி ஆகாது. உங்கள் காலுக்கு ஒன்றும் ஆகாது, பவளம் நொறுங்கிவிடும். நிறையப் பவள இனங்கள் ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர்தான் வளரும். கல் பவளங்கள் இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, புலிக்கு நிகரான பாதுகாப்பு அவற்றுக்கு உண்டு. பவளத்தில் கால் வைக்காமல் இறங்க வழி இல்லையென்றால், அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு இடம் பாருங்கள்.

பாசி படிந்த பாறையும் கான்கிரீட்டும் எல்லாவற்றையும்விட மோசம். நம் கடற்கரைகளில் தூண்டில் வளைவு என்று கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்களே, அதன் நீர்மட்டப் பகுதி முழுக்கப் பச்சைப் பாசியும் கொட்டலசும்தான். எந்த ரப்பர் அடியும் அதில் முழுதாகப் பிடிக்காது. பாறை மீன்பிடிக்காரர்கள் போடுகிற கம்பளி அடி பூட்ஸ் பாசியில் ஓரளவு பிடிக்கும், ஆனால் அது ஃபின்னுக்குள் நுழையாது. முதுகில் டாங்கோடு அங்கே இறங்க வேண்டாம்.

ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் கடற்பாசி எடுக்கப் போகிற பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றி, காலில் ரப்பர் செருப்போடு பாறைகளுக்கிடையே மூழ்குவார்கள். அந்தக் கடலை நன்றாக அறிந்தவர்களே காலையும் விரலையும் மூடாமல் இறங்குவதில்லை.

2. அடியைச் சோதியுங்கள்

பூட்ஸின் மேல்பகுதி எல்லாக் கம்பெனியிலும் கிட்டத்தட்ட ஒரே நியோப்ரீன் ரப்பர்தான். வித்தியாசம் அடியில் இருக்கிறது. கடையிலேயே மூன்று சோதனை செய்யுங்கள்.

ஒரு கையைப் பூட்ஸுக்குள் விட்டு, மறு கைக் கட்டைவிரலால் வெளியிலிருந்து அடியை அழுத்துங்கள். உள்ளே இருக்கிற விரலுக்கு அழுத்தம் கூர்மையாகத் தெரிந்தால், அது நீச்சல் குளத்துப் பூட்ஸ். அடுத்து, போட்டுக்கொண்டு ஏதாவது படிக்கட்டின் விளிம்பில் உள்ளங்காலின் நடுப்பகுதியை வைத்து நில்லுங்கள். விளிம்பு கோடுபோலப் பாதத்தில் உறைத்தால் துலாம்பெனின் கற்களும் அப்படித்தான் உறைக்கும். மூன்றாவது, அடியை மடக்கிப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் அட்டை மாதிரி மடியக் கூடாது.

அடியிலுள்ள பள்ள வரிகளையும் பாருங்கள். ஆழமில்லாத, நெருக்கமான வரிகள் ஈரக் கல்லுக்கு நல்லது. மலையேறுகிற ஷூ மாதிரி பெரிய பெரிய கட்டைகள் துருத்திக்கொண்டிருந்தால், நடக்க அருமையாக இருக்கும், ஆனால் ஃபின்னுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். அலைக்குள் நின்று ஃபின்னைக் கழற்ற முடியாமல் இழுத்துக்கொண்டிருப்பது ஆபத்து. கெட்டியும் வேண்டும், ஃபின்னுக்குள் வழுக்கிக்கொண்டும் போக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தேட வேண்டியிருக்கும்.

குதிகாலில் பின்பக்கம் ஒரு சின்ன ரப்பர் மேடு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஃபின் பட்டி அதன்மேல் உட்காரும். அது இல்லாத பூட்ஸில் பட்டி மெல்ல மெல்ல மேலேறிக் கணுக்காலின் பின்நரம்பை அறுக்கும், இல்லையென்றால் கீழே நழுவி ஃபின்னே போய்விடும்.

அடி எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் பக்கவாட்டில் இருப்பது நியோப்ரீன்தான். கடல் முள்ளெலியின் ஊசி அதைத் துளைத்து உள்ளே வரும். கல் மாதிரியே கிடக்கும் நச்சு மீனான கல்மீனின் முதுகு முள் அதைவிட வலியது, அடியையே துளைக்கக் கூடும். எனவே பூட்ஸ் போட்டிருந்தாலும் கால் வைக்கும் இடத்தைப் பார்த்தே வையுங்கள்.

கடற்கரைக் கடைகளில் விற்கும் மெல்லிய துணி நீர்ச்செருப்புகள், துளை போட்ட பிளாஸ்டிக் செருப்புகள் இரண்டும் இதற்கு ஆகாது. முதலாவதன் அடி மெலிசு. இரண்டாவது அலை வந்தால் காலில் நிற்காது.

3. உயரமும் ஜிப்பும்

கணுக்காலுக்குக் கீழேயே முடிந்துவிடும் பூட்ஸும் உண்டு, மேலே ஏறுவதும் உண்டு. கரை டைவிங்குக்கு உயரமானதையே வாங்குங்கள், யோசிக்க வேண்டாம். உருளும் கல் மோதுவது கணுக்கால் எலும்பில்தான். கால் பிசகாமல் ஓரளவு தாங்குவதும் அந்த உயரம்தான். உடலை மூடும் நியோப்ரீன் உடையான வெட்சூட்டின் கால்பகுதி பூட்ஸுக்கு மேல் இறங்கி மூடவும் அது வேண்டும். பூட்ஸுக்குள் சூட்டைச் செருகினால், வெளியே வரும்போது சூட்டுக்குள் இருக்கும் தண்ணீரெல்லாம் பூட்ஸில் இறங்கி நிரம்பும், மணலும் உள்ளே போகும். பூட்ஸை முதலில் போட்டு, சூட்டை அதன்மேல் இறக்கிவிடுங்கள்.

ஜிப் வைத்தது போட எளிது, ஜிப் இல்லாதது நீடிக்கும். புதியவர்களுக்கு ஜிப் வைத்ததே சரி. பற்கள் தடித்த பிளாஸ்டிக்கில் இருக்க வேண்டும். உலோகப் பல் உப்பில் பூத்து இறுகிவிடும். ஜிப்பின் உட்புறம் மடிப்புத் துணி ஒன்று இருந்தால் மணலும் தண்ணீரும் உள்ளே பாய்வது குறையும், தோலும் மாட்டிக்கொள்ளாது.

4. தடிமன்

நியோப்ரீன் என்பது நுண்ணிய வாயுக் குமிழ்கள் நிறைந்த ரப்பர். குளிரைத் தடுப்பது அந்தக் குமிழ்கள்தான். 26 டிகிரிக்கு மேல் வெப்பம் இருக்கும் வெப்பமண்டலக் கடலுக்கு 3 மில்லிமீட்டர் போதும். தஹாபில் குளிர்காலத்தில் நீர் 21, 22 டிகிரிக்கு இறங்கும், அங்கே 5 மில்லிமீட்டர். அதைவிடக் குளிர்ந்த கடலுக்கு 7. புதியவர் ஒரே ஒரு ஜோடிதான் வாங்க முடியும் என்றால் 5 மில்லிமீட்டர் வாங்குங்கள் என்பேன். சூடான கடலில் பாதம் கொஞ்சம் வேர்த்தாலும் கெடுதல் இல்லை, தடித்த பூட்ஸில் பெரும்பாலும் அடியும் தடித்தே வரும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. குமிழ்கள் நசுங்கும், பூட்ஸ் மெலியும், மேலே இறுக்கமாக இருந்த ஃபின் பட்டி கீழே தளரும். தடித்த பூட்ஸ் சற்றுக் கூடுதலாக மிதக்கவும் செய்யும். கால் மேலே தூக்கிக்கொண்டு போவதுபோல் இருந்தால் காரணம் இதுவாகவும் இருக்கலாம். பூட்ஸ் மாற்றினால் ஈயத்தின் அளவையும் மறுபடி சரிபாருங்கள்.

5. அளவு

சாயங்காலம் போய் வாங்குங்கள். நாள் முழுக்க நின்று நடந்த பாதம் காலையில் இருப்பதைவிடக் கொஞ்சம் வீங்கியிருக்கும். எண்ணை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு காகிதத்தில் இரண்டு பாதங்களையும் வரைந்து நீளத்தைச் சென்டிமீட்டரில் அளந்துகொண்டு போங்கள். இரண்டில் பெரியதற்கு வாங்க வேண்டும்.

சரியான பூட்ஸ் காலுறை மாதிரி ஒட்டியிருக்கும், ஆனால் விரல்கள் நேராகக் கிடக்கும். விரல் மடங்கினால் சிறிது. குதிகாலில் பிடித்து இழுத்தால் நியோப்ரீன் காலை விட்டு விலகி வந்தால் பெரிது. பெரிதான பூட்ஸில் தண்ணீர் தேங்கி ஒவ்வொரு உதைக்கும் உள்ளும் வெளியும் போய்வரும். குளிரும், குதிகால் உரசிக் கொப்புளமும் போடும். நாளடைவில் நியோப்ரீன் சற்றே தளரும் என்பதால், இரண்டு அளவுக்கு நடுவில் நின்றால், விரல் மடங்காதவரை சிறியதையே எடுங்கள்.

செருப்பிலேயே வளர்ந்த நம்மில் பலருக்குப் பாதத்தின் முன்பக்கம் விரிந்திருக்கும். நீளம் சரியாக இருந்தும் சுண்டுவிரல் பக்கம் நசுங்குகிறது என்றால் அளவைக் கூட்டாதீர்கள், நீளம் அதிகமாகிவிடும். வேறு கம்பெனி பூட்ஸைப் போட்டுப் பாருங்கள். முன்பக்கம் அகலமாக வெட்டுகிற கம்பெனிகளும் உண்டு. நான் நாலாவது கடையில்தான் எனக்கானதைக் கண்டேன்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் டைவிங்குக்கே மருத்துவரின் ஒப்புதல் பெற வேண்டும் என்பது தெரிந்திருக்கும். பாதத்தில் மரப்பு இருந்தால் அதையும் அவரிடம் தனியாகச் சொல்லுங்கள். கொப்புளமோ வெட்டோ வலிக்காமலே இருந்துவிடும். ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் பூட்ஸைக் கழற்றி, உள்ளங்காலையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள்.

6. இப்போது ஃபின்

பாதம் முழுவதையும் மூடும் வகையை இந்த வேலைக்கு ஒதுக்கிவிடுங்கள். குதிகால் திறந்து, பின்னால் பட்டி வைத்த ஃபின் வேண்டும். வாங்கிய பூட்ஸைக் கையோடு எடுத்துக்கொண்டு போய், பூட்ஸோடு போட்டுப் பார்த்தே வாங்குங்கள். விரல் முனை, பாதம் நுழையும் ஃபின் வாயின் முன்விளிம்பைத் தொடும் தூரத்துக்கு வர வேண்டும், குதிகால் மட்டும் வெளியே நிற்க வேண்டும். காலைத் தூக்கி இடமும் வலமும் ஆட்டுங்கள். பாதம் ஒரு பக்கமும் ஃபின் ஒரு பக்கமும் போனால் அளவு பெரிது. பூட்ஸின் அடி உள்ளே போகச் சண்டை போட்டால் சிறிது.

பட்டியில் எஃகுச் சுருள்வில் வைத்தது கிடைக்கும். காசு கூட ஆகும். கரை டைவிங்குக்கு அந்தக் காசு தகும். ரப்பர் பட்டியை ஒவ்வொரு முறையும் இழுத்து இறுக்க வேண்டும், இரண்டு கை வேண்டும், அலைக்குள் நின்றுகொண்டு. சுருள்வில் பட்டியின் வளையத்தில் ஒரு விரலை மாட்டி இழுத்தால் போதும், தானாகக் கவ்விக்கொள்ளும். மறுகை நண்பரின் தோளைப் பிடித்திருக்கலாம். ஆழத்தில் பூட்ஸ் மெலியும் என்று சொன்னேனே, அப்போதும் அதுவே சுருங்கி இறுக்கிக்கொள்ளும்.

இலை, அதாவது ஃபின்னின் தட்டையான பகுதி, ரொம்ப நீளமாக வேண்டாம். நடுத்தர நீளமும் கொஞ்சம் விறைப்பும் உள்ளதே அலையைக் கடந்து வெளியே போக உதவும்.

7. வீட்டில் ஒத்திகை

புதுப் பூட்ஸை நேராகக் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். வீட்டில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நடமாடுங்கள். பிறகு பத்துக் கிலோ அளவுக்கு ஒரு முதுகுப் பையில் ஏதாவது நிரப்பி மாட்டி, மாடிப் படியில் மெதுவாக, கைப்பிடியைப் பிடித்தபடி ஏறி இறங்கிப் பாருங்கள். எங்கே உரசுகிறது, எங்கே வழுக்குகிறது என்று தெரிந்துவிடும். தொட்டியிலோ வாளியிலோ காலை விட்டு நனைத்து, ஈரத்தோடும் ஒரு முறை கழற்றி மாட்டுங்கள். ஈரப் பூட்ஸுக்குள் ஈரக் கால் நுழையாது. இதற்கு டைவர்கள் எல்லோரும் செய்கிற ஒரு வழி இருக்கிறது. பாதத்தில் ஒரு பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகும், பிறகு கவரை உருவிவிடலாம். அந்தக் கவர் காற்றில் பறந்து கடலுக்குப் போய்விடாமல் பையில் பத்திரமாக வையுங்கள்.

8. இறங்குவதும் ஏறுவதும்

அவசரப்படாமல் கரையில் நின்று ஐந்து பத்து நிமிடம் அலையைப் பாருங்கள். பெரிய அலைகள் சில சேர்ந்தாற்போல் வரும், பிறகு சற்று ஓயும். அந்த ஓய்வில் இறங்க வேண்டும்.

கடல் அமைதியாக இருந்தால், ஃபின்னைக் கையில் வைத்துக்கொண்டு மார்பளவு நீர் வரை பூட்ஸோடு நடங்கள். ஜாக்கெட்டில் காற்று ஏற்றி, முகமூடி மாட்டி, ரெகுலேட்டரை வாயில் கவ்வியிருக்க வேண்டும். நண்பரின் தோளைப் பிடித்துக்கொண்டு, அட்டணக்கால் போடுவதுபோல் ஒரு காலை மறுகாலின் முழங்காலுக்கு மேல் கொண்டுவந்து ஃபின்னை மாட்டுங்கள். ஒருவர் மாட்டி முடித்தபின் மற்றவர். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒற்றைக் காலில் நிற்க வேண்டாம்.

அலை கொஞ்சம் இருந்தால் சில இடங்களில் கரையோரத்திலேயே ஃபின்னை மாட்டிக்கொண்டு பின்பக்கமாக நடந்து இறங்குவார்கள். ஃபின் மாட்டிக்கொண்டு முன்னால் நடக்கவே கூடாது, இலை மடிந்து முகங்குப்புற விழ நேரும். உருண்டைக் கல் கரையில் பின்பக்கமாக நடப்பது எனக்குப் பிடிக்காது. கால் வைக்கும் இடம் தெரிவதில்லை. அங்கே அலை அந்த அளவுக்கு இருந்தால் அன்றைக்கு டைவ் வேண்டாம் என்று திரும்பிவிடுவேன்.

ஏறும்போது, நிற்க முடிகிற ஆழம் வந்ததும் எல்லோரும் செய்கிற தவறு உடனே எழுந்து நிற்பது. நீர் உங்கள் எடையைத் தாங்கும் வரை தாங்க விடுங்கள். அலை உடைகிற பகுதிக்கு வெளியே நின்று ஓய்வுக்குக் காத்திருங்கள். அமைதியாக இருந்தால் மார்பளவு நீரிலேயே ஃபின்னைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டு நடங்கள். அலை இருந்தால் ஃபின்னைக் கழற்றாமல் முழங்கால் அளவு நீர் வரை நீந்தி வந்து, கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்ந்தே வெளியே வந்துவிடுங்கள். இதில் வெட்கம் எதுவும் இல்லை, அனுபவசாலிகளும் அப்படித்தான் வருவார்கள். கரை ஏறி முடிக்கும்வரை ரெகுலேட்டர் வாயிலேயே இருக்கட்டும். விழுந்தாலும் மூச்சு இருக்கும்.

முள் குத்திவிட்டால்

கடல் முள்ளெலியின் ஊசி தோலுக்குள் உடைந்து நிற்கும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை இடுக்கியால் எடுங்கள், ஆழத்தில் இருப்பதைக் குடையாதீர்கள். காலைச் சூடான நீரில், தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், 30 முதல் 90 நிமிடம் வரை வைத்தால் வலி குறையும். அடிபடாத காலையோ கையையோ விட்டுச் சூட்டைச் சோதித்த பிறகே வையுங்கள், வலியில் சூடு தெரியாமல் வெந்துவிடக் கூடும். மூட்டுப் பக்கம் குத்தியிருந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும். கல்மீனோ திருக்கையோ குத்தினாலும் வெந்நீர்தான் முதலுதவி, ஆனால் அதோடு நிற்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

வாடகையா, சொந்தமா?

ஃபின்னும் ஜாக்கெட்டும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். முகமூடிக்கு அடுத்து நீங்கள் சொந்தமாக வாங்க வேண்டியது பூட்ஸ். வாடகைப் பூட்ஸின் அடி பல நூறு கால்கள் நடந்து வழவழவென்று தேய்ந்திருக்கும், ஜிப் பாதியில் நிற்கும், பிறருடைய சேற்றுப்புண்ணும் நமக்கு வந்து சேரலாம். வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும் என்றால் அடியைத் திருப்பிப் பார்த்து, வரிகள் மிச்சமிருக்கிற ஜோடியைக் கேட்டு வாங்குங்கள். மெல்லிய காலுறை ஒன்றை உள்ளே போட்டுக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு

டைவ் முடிந்த அன்றே நல்ல தண்ணீரில் ஊற வையுங்கள். ஜிப்பைத் திறந்து மூடித் திறந்து, பற்களுக்கிடையே இருக்கும் உப்பும் மணலும் போகும்படி அலசுங்கள். துர்நாற்றம் வந்தால் குழந்தைகளுக்கான ஷாம்பூ கொஞ்சம் விட்டுக் கழுவினால் போதும், சலவைத்தூள் வேண்டாம். நிழலில், தலைகீழாகக் காயப் போடுங்கள். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும்தான், நியோப்ரீனும் சீக்கிரம் வெடிக்கும். மூடிய காருக்குள் விட்டுவிட்டால் அடியை ஒட்டியிருக்கும் பசை இளகிவிடும். காய்ந்தபின் ஜிப் பற்களில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுங்கள்.

அடுத்த பயணத்துக்கு எடுக்கும்போது அடியின் ஓரங்களை நகத்தால் நெம்பிப் பாருங்கள். எங்காவது பிரிந்திருந்தால் நியோப்ரீனுக்கான பசை வைத்து ஒட்டி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். குதிகாலின் வரிகள் மறைந்து வழுக்கையாகிவிட்டால் ஒட்டுவதிலும் பயனில்லை, மாற்றிவிடுங்கள். கரையில் காயப்போட்ட பூட்ஸை மறுநாள் காலை போடுவதற்கு முன் கவிழ்த்து நன்றாக உதறுங்கள். இரவில் நண்டுக் குஞ்சோ தேளோ உள்ளே போய்ப் படுத்திருக்கும்.